அரைக் கதிரையில் ஒரு விண்கலம்

மிசினைப் பார்க்க ஆள் வருவதாக இருந்த பின்னேரம், அண்ணையின் வீட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, அதன் முன்னால் ஒரேயொரு கதிரையை இழுத்துப் போட்டேன். அண்ணை அறை வாசலில் நின்று பார்த்தார். வலக்கை இடுப்புச் சாரத்தின் மடிப்புக்குள் கிடந்தது. கொஞ்ச நாளாக அந்தக் கை அங்கேதான்.

“உதென்ன, படமே?”

“படமில்லை. எங்கடை கேம்.”

கிட்ட வந்தார். திரையில் ஓர் உடைந்த விண்கலம் இருட்டில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. துருப்பிடித்த கவச உடை போட்ட ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். அண்ணையின் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தாள் வரப்போகுது. மிசினைக் கழுவ வேணும்.”

“காலமையே நான் கழுவிட்டன்.”

சொல்லிக்கொள்ளச் சாட்டு இல்லாமல் போனதில் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் கதிரையில் இருக்கவில்லை.

மிசின் என்று நாங்கள் சொல்வது இரண்டு சில்லில் ஓடுகிற, பின்னால் நடந்தபடி பிடித்து ஓட்டுகிற உழவு இயந்திரத்தை. சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தை மட்டுமல்ல, அயலில் பலருடைய தோட்டங்களையும் அண்ணைதான் அதை வைத்து உழுது கொடுப்பார். சில மாதங்களுக்கு முன்னர் அதன் பெல்ட் அவருடைய வலக்கை விரல்களைப் பிடித்து இழுத்துவிட்டது. அறுந்த நரம்புகளை ஆசுபத்திரியில் தைத்தார்கள். தையல் பிடித்துவிட்டது, இனி மடக்கி நிமிர்த்துவது உன் பாடு, விட்டால் மூட்டு இறுகிவிடும், இறுகினால் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி, மெத்தென்ற ஒரு பந்தையும் கொடுத்து அனுப்பினார்கள்.

முதலில் ஒழுங்காகத்தான் அமத்தினார். மற்ற விரல்கள் மெல்ல மெல்ல வழிக்கு வந்தன. சுட்டுவிரல் மட்டும் பிடிவாதமாக நீட்டிக்கொண்டே நின்றது. ஒருநாள் பொறுமை கெட்டு, யாருக்கும் சொல்லாமல் மிசினை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கியிருக்கிறார். அதற்குக் காரில் இருப்பதுபோல் வளைக்கிற சில்லு கிடையாது. இரண்டு கைப்பிடிகளுக்குக் கீழும் ஒவ்வொரு லீவர். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வலக்கை லீவரை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத்தின் எல்லையில் விரல் இறுகவில்லை. மிசின் திரும்பாமல் நேரே போய்க் கிணற்றுக் கட்டில் மோதி நின்றது.

“கட்டு மட்டும் இல்லாட்டி, தம்பி...” என்று மச்சாள், அண்ணையின் மனைவி, தொலைபேசியில் சொல்லத் தொடங்கி அந்த வசனத்தை முடிக்கவேயில்லை.

அன்றிலிருந்து பந்து யன்னல் விளிம்பில் கிடந்து தூசி பிடிக்கிறது. சாவகச்சேரிப் பக்கம் வயல் செய்கிற ஒருவரோடு கதைத்து, மிசினை விலைக்கு எடுக்க வந்து பார்க்கச் சொல்லிவிட்டார் அண்ணை. அதைக் கேள்விப்பட்டுத்தான் கொழும்பில் லீவு சொல்லிவிட்டு வந்தேன். என் பயம் மிசினுக்காக அல்ல. மிசின் வாசற்படலையைத் தாண்டிவிட்டால், அந்தப் பந்தைத் தொட அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.

வருவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். படித்தவன் சொல்கிற மாதிரிச் சொன்னேன், கெஞ்சியும் சொன்னேன். “ஓம், ஓம்” என்றார். அந்த “ஓம்” எனக்குத் தெரியும். மழை வருமா என்று கேட்கிறவனுக்குச் சொல்கிற “ஓம்” அது.

அதற்குப் பிறகுதான் இந்த விளையாட்டு நினைவுக்கு வந்தது.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்த கையோடு, சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கொமினிக்கேசன் கடை கணினிகளை வாங்கிப் போட்டது. வெளிநாட்டுக்குக் கதைப்பதும் அங்கேதான், படிவம் பிரதி எடுப்பதும் அங்கேதான், கேம் விளையாடுவதும் அங்கேதான். அண்ணை அதற்கு முன்பே எட்டாம் வகுப்போடு நின்று ஐயாவுக்கு, எங்கள் அப்பாவுக்கு, தோட்டத்தில் துணைக்குப் போய்விட்டார். வெங்காயம் கொண்டு சந்தைக்கு வருகிற நாட்களில், பள்ளிக்கூடம் விடும்வரை நின்று என்னையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைவார். ஒரு கதிரைக்கு ஓராள் என்பது கடைக்காரரின் சட்டம்.

“நாங்கள் ரெண்டு பேரும் ஓராள்தான் அண்ணை,” என்று எங்கள் அண்ணை அவரோடு வாதாடினார். “பாருங்கோ, இவன் கால், நான் கை.”

கடைக்காரர் சிரித்ததில் சட்டம் தளர்ந்தது. கதிரையின் இடப்பாதியில் நான், வலப்பாதியில் அவர். என் இடக்கை கீபோட்டில் கவசக்காரனை நடத்தும். அவருடைய வலக்கை மவுஸைப் பிடித்துக் குறிபார்த்துச் சுடும். மிஞ்சிய இரண்டு கைகளும் கதிரையிலிருந்து விழாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஆளில்லாத அந்த விண்கலத்தின் அத்தனை அறைகளையும் கடந்தோம்.

இங்கிலீசு எங்கள் இருவருக்கும் வராது. கவசக்காரனின் காதுக்குள் ஒரு பெண் ஓயாமல் கதைத்துக்கொண்டிருப்பாள். ஆளில்லாத கலத்தில் ஒரு பெண் குரல் கூப்பிடுகிறதென்றால் அது என்ன? எங்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பேய். “உவள் கூப்பிடுற பக்கம் போகாதை, மற்றப் பக்கத்தாலை போ,” என்பார் அண்ணை. அவள் காட்டிய வழிகளையெல்லாம் விட்டு, வேறு யாரும் போயிருக்கமாட்டாத மூலைகளால் அலைந்து, எப்படியோ கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அங்கால் ஒரு பெண் நிற்பாள். அண்ணை டக்குடக்கென்று சுடுவார். கண்ணாடி சிதறும், காற்று முழுக்க வெளியே போகும், கவசக்காரன் விழுவான். எத்தனை நாள் போனாலும் அதே கதவில் அதே சாவு. பிறகு எனக்குப் பள்ளிக்கூடச் சோதனை வந்தது, அவருக்கு மிசின் வந்தது. கதவு அப்படியே கிடந்தது.

பழைய விளையாட்டுகள் விற்கிற ஒரு தளத்தில் அதைத் தேடி எடுத்து, கொழும்பில் தனியே இருந்து கடைசிக் கதவு வரை விளையாடி வைத்திருந்தேன். இரண்டு கையும் என்னுடையதாக இருந்தது ஏதோ களவு மாதிரிப் பட்டது. கதவுக்கு முன்னால் இருக்கிற சேமிப்பு இடத்தோடு நிறுத்திவிட்டேன்.

“வாங்கோ அண்ணை. அந்தக் கதவுதான். ஒருக்காப் பாப்பம்.”

“நீ விளையாடு. நான் பாக்கிறன்.”

“கால் மட்டும் போய் என்ன செய்யிறது?”

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மச்சாளின் குரல் வந்தது. “ஒரு கதிரையிலை ரெண்டு பேரோ? அப்ப கொண்டிச்சுது. இப்ப ரெண்டு பேரின்ரை வண்டி வயிறும் கொள்ளாது.”

“இவளுக்குப் பகிடி,” என்றபடி அண்ணை வந்து வலப்பாதியில் இருந்தார். யோசித்து இருக்கவில்லை, பழக்கம் இருத்தியது. அரைவாசி உடம்பு வெளியே தொங்க, நான் அவருடைய சேட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் இடக்கையைக் குறுக்காலே நீட்டி மவுஸை எடுத்தார்.

“வலக்கை,” என்றேன்.

கை அப்படியே நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“உது கேமில்லை, என்ன? உது டொக்டற்றை வேலை.”

நான் கண்ணைத் திரைக்குத் திருப்பினேன்.

“சின்னப்பிள்ளையளுக்கு நிலாக் காட்டிச் சோறு தீத்துற மாதிரி, எனக்குக் கேமைக் காட்டி விரல் மடக்கப் பாக்கிறியோ?”

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்வது? “சோத்தைக் காட்டிப் பாத்தன். நீங்கள் தின்னேல்லை.”

எழும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கதிரை ஒரு பக்கம் சரிந்தது. அவர் எழும்பவில்லை. இடக்கையால் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்து, யாருடையதோ ஒரு சாமானைத் தூக்கி வைப்பதுபோல், மவுஸின் மேல் வைத்தார். “ஒருக்கா மட்டும். அந்தாள் வரும் வரைக்கும்.”

நான் கவசக்காரனை நடத்தினேன். நீண்ட ஒடுங்கிய வழி. மேலே குழாய்களுக்குள் ஏதோ ஊர்கிற சத்தம். அண்ணை உள்ளங்கையால் மவுஸைத் தள்ளித் திருப்பினார். சுட்டுவிரல் பொத்தானுக்கு மேலே ஒரு குச்சிபோல் நீட்டியே நின்றது. பெண்ணின் குரல் வந்தது.

“பேய் தொடங்கிட்டுது,” என்றார்.

“அவள் பேயில்லை அண்ணை. அந்தக் கப்பலிலை வேலை செய்தவள். உயிரோடைதான் இருக்கிறாள். இவ்வளவு நாளும் எங்களுக்கு வழி சொன்னவள்.”

“விசரே உனக்கு?”

“உண்மையா.”

கதவு வந்தது. கண்ணாடிக்கு அங்கால் அவள் நின்றாள். கீழே ஒரு வரி எழுந்தது. அதை நானும் அப்போதுதான் முதல்முறை வாசித்தேன்.

“என்ன எழுதிக் கிடக்கு?”

“சுடக்கூடாதாம். பொத்தானை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கட்டாம். அவள் அங்காலை ஒரு பிடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், நாங்கள் இஞ்சாலை பிடிக்க வேணும். கதவு முழுக்கத் திறக்கும் வரைக்கும் விடக்கூடாதாம்.”

அண்ணை கண்ணாடிக்கு அங்கால் நின்றவளையே பார்த்தார். “அப்ப நாங்கள் சுட்டது...”

“அவளைத்தான்.”

“ஐயோ, பாவமடா.”

பிறகு சுட்டுவிரலைப் பார்த்தார். அது கொஞ்சம் இறங்கியது, நின்றது, நடுங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது. பொத்தான் ‘டிக்’ என்றது. கதவில் ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. விரல் துள்ளி எழும்பிவிட்டது. கதவு அடித்து மூடிக் கண்ணாடி சிதறியது, காற்று போனது, கவசக்காரன் விழுந்தான்.

“திருப்பிப் போடு.”

போட்டேன். இந்த முறை கையளவு திறந்து மூடிக்கொண்டது. மூன்றாம் முறை தொடங்கும்போது படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

“இஞ்சருங்கோ,” என்று மச்சாள் கூப்பிட்டார், “மிசின்காரர் வந்திட்டார்.”

அண்ணையின் நெற்றியில் வேர்வை. “பாக்கச் சொல்லு. ஸ்டாட் பண்ணிப் பாக்கத் திறப்பு அதிலைதான் கிடக்கு.”

வந்தவர் யன்னலால் எட்டிப் பார்த்தார். நரைத்த மீசை, தோளில் துவாய். “என்ன தம்பிமார், ஒரு கதிரைக்குச் சண்டையோ?”

நாங்கள் இருவரும் திரும்பவில்லை. அவர் முற்றத்துக்குப் போய்விட்டார்.

விரல் இறங்கியது. டிக். கதவு அசைந்தது. கையளவு திறந்தது, முழமளவு திறந்தது. அண்ணையின் தோள், என் தோளோடு ஒட்டியிருந்த தோள், கிழங்கு கிண்டுகிறவனின் தோள்போல் இறுகியது. அவர் பற்களைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. விரல் நடுங்கத் தொடங்கியது. “விடுங்கோ அண்ணை, போதும்,” என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்த நேரம் பார்த்து முற்றத்தில் மிசின் உயிர்பெற்றது.

வேறொருவனின் கையில் அவருடைய மிசின். முதலில் இருமி, பிறகு தடதடவென்று யன்னல் கம்பிகள் அதிர ஓடியது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் விரல் எழும்பவில்லை. நுனி வெளுத்துப் போய், பொத்தானிலேயே கிடந்தது.

“திறந்திட்டுதோ?” கண் திறக்காமலே கேட்டார்.

“இன்னும் கொஞ்சம். பிடியுங்கோ.”

“கெதியாச் சொல்லடா!”

“திறந்திட்டுது! ஓடுறன்!”

கவசக்காரன் கதவைத் தாண்டினான். அங்கால் நின்ற பெண் தன் பிடியை விட்டுவிட்டு நிலத்தில் இருந்தாள். நாங்கள் ஒருநாளும் காணாத ஒரு கூடம் விரிந்தது.

அண்ணை மவுஸை விடவில்லை. விட முடியவில்லை. மடங்கிய விரல் மடங்கியபடியே பிடித்துக்கொண்டது. நான் அதை மெல்ல நிமிர்த்தி எடுத்தேன். எலும்புவரை சுட்டுக்கொண்டிருந்தது. கண் கலங்கியிருந்ததை அவர் தோளில் துடைத்தார். வலியால்தான் என்று எனக்குக் காட்டுவதற்காக “ஆ...” என்றார்.

பிறகு எழும்பி வெளியே போனார். நான் அரைக் கதிரையிலேயே இருந்தேன். மிசின் நின்றது. வந்தவரின் குரல் உயர்ந்தது.

“சாவகச்சேரியிலை இருந்து மினக்கெட்டு வாறன் தம்பி. முதலே சொல்லியிருக்கலாமெல்லே?”

“இப்பதான் தெரியும் அண்ணை,” என்றார் அண்ணை. “குறை நினையாதேங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

“கையும் ஏலாமல் உதை வைச்சு என்ன செய்யப்போறீர்?”

அதற்கு அண்ணை என்ன சொன்னாரோ, எனக்குக் கேட்கவில்லை. மச்சாள் தேத்தண்ணி கொண்டுபோன சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து மோட்டார் சைக்கிள் வெறுமனே திரும்பிப் போனது.

அண்ணை உள்ளே வந்தபோது வலக்கை சாரத்துக்கு வெளியே தொங்கியது.

“அந்த லீவரை இப்ப அமத்திப் பாத்தன்,” என்றார். “அசையேல்லை. உந்த மவுஸை மாதிரியே அது? இரும்பு.”

“ஓம்.”

“கன நாள் செல்லும்.”

“ஓம் அண்ணை.”

யன்னல் விளிம்பிலிருந்த பந்தை எடுத்துச் சாரத்தில் தூசி தட்டி, திரைக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு வலப்பாதியில் இருந்தார். திரையில் கவசக்காரன் அந்தப் புதுக் கூடத்தில், விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

“எங்கை,” என்றார், மவுஸில் கையை வைத்தபடி, “நட பாப்பம்.”