கெங்கவல்லிக்கு நேர்வழி

என் அக்கா கெங்கவல்லியில் தனியாக இருக்கிறாள். போன ஆடியில் ஒரு காலை குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தவள், சாயங்காலம் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. புனேயில் வேலை பார்க்கும் அவள் மகன்தான் ஆடிப்போனான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அந்த ஊரில் பேச ஆளில்லாமல் செத்துப்போவதைவிட இங்கே விழுந்து செத்துப்போகிறேன் என்றாள் அக்கா.

இரண்டு பக்கமும் நான் பேசி ஒரு உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில் ஒரு கேமரா வைப்பது. மகன் புனேயிலிருந்தும் நான் ஆட்டையாம்பட்டியிலிருந்தும் பார்த்துக்கொள்வது. மகன் ஒரு நிபந்தனை போட்டான்: ஒரு நாள் படம் வராமல் போனாலும் வீட்டைப் பூட்டிவிடுவான். அக்காவும் ஒன்று போட்டாள்.

"வூட்டுல நைட்டியோட திரியறவ நான். நீங்க ரெண்டு பேரு பாக்கலாம். வேற எவன் கண்ணுலயும் படக்கூடாது."

இந்த இரண்டாவது நிபந்தனைக்கு நான் பொறுப்பேற்றேன். முப்பத்துநான்கு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் நான். யாருக்கு எதைக் காட்டலாம், எதற்கு மனு வேண்டும், எதை மனு கொடுத்தாலும் காட்டக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கடையில் விற்கும் கேமராக்களின் விதிமுறைகளை முழுதாகப் படித்துப் பார்த்தேன். அவற்றை முழுதாகப் படித்த ஒரே வாடிக்கையாளன் நானாகத்தான் இருக்க வேண்டும். படம் முதலில் கம்பெனியின் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் நமக்கு வருமாம். அக்காவின் கூடத்தைப் பார்க்க நான் எவனோ ஒருவனிடம் போய் நிற்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

என் மருமகள் மாடியில் உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்பவள், திருச்செங்கோட்டுப் பெண். அவள்தான் வேறு வழி இருப்பதாகச் சொன்னாள். அக்கா வீட்டில் உள்ளங்கை அளவு ஒரு பெட்டியை வைத்து, அதிலும் நம் ஃபோனிலும் ஒரே நிரலைப் போட்டால், இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். நடுவில் யாரும் வேண்டியதில்லை.

எப்படி முடியும் என்று கேட்டேன். ஒவ்வொரு வீட்டின் ரௌட்டரும் வெளியிலிருந்து தானாக வரும் எதையும் உள்ளே விடாது. உள்ளேயிருந்து போன கடிதத்துக்குப் பதில் என்றால் மட்டும் விடும். இதுவரை எனக்குப் புரிந்தது. எங்கள் தபால் பிரிவிலும் 'பார்வை' என்று போட்டு நம் கடித எண்ணைக் குறிப்பிட்டிருந்தால்தான் உடனே உள்ளே போகும். அப்படியானால் இரண்டு வீடுமே பதிலுக்காகக் காத்திருந்தால் முதல் கடிதத்தை யார் எழுதுவது?

"ரெண்டு பேருமே ஒரே நேரத்துல எழுதிருவாங்க மாமா. அவங்க லெட்டர் இங்க வர்றப்ப, நம்ம லெட்டருக்குப் பதில்னு நெனச்சு நம்ம ரௌட்டர் உட்டுரும். அங்கயும் அப்படித்தானுங்க."

எங்கள் அலுவலகத்தில் எவராவது இதைச் செய்திருந்தால் பதினேழு பி போட்டிருப்பேன் என்று சொன்னேன். அது என்ன என்று கேட்டாள். வேலை போகிற அளவுக்கு வைக்கும் குற்றச்சாட்டு என்றேன். சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. இரண்டு வீட்டுக்கும் மற்றதன் முகவரி எப்படித் தெரியும்? வெளியே ஒரு கணினி இருக்கிறதாம். இருவருக்கும் முகவரியைச் சொல்லி அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுமாம். நான் பார்த்த தரகர்களில் அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. பத்திரம் பதிவாகி, கைரேகை காய்ந்து, இரு தரப்பும் டீக்கடைக்குப் போனால் அங்கேயும் நடுவில் உட்கார்ந்திருப்பார்.

அதனால் கவனிக்கத் தொடங்கினேன். ஃபோனில் படத்தைத் திறந்தால் கீழே ஒரு வரி வரும்: நேர்வழி, அல்லது சுற்றுவழி. நேராகப் போக முடியாவிட்டால் வெளியே இருக்கும் ஒரு கணினி வழியாகச் சுற்றிப்போகும் என்று அர்த்தம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முதல் மூன்று நான்கு விநாடி 'சுற்றுவழி' என்றுதான் இருந்தது. பிறகே 'நேர்வழி' ஆனது. ஒரு நோட்டுப் போட்டு நேரத்தோடு குறித்துவைத்தேன். காலை ஐந்தரைக்கு ஒருமுறை, காபிக்குப் பிறகு, பதினொரு மணிக்கு, மதியத் தூக்கத்துக்கு முன், பின். யாராவது ஒளிந்திருந்தால் எதிர்பாராத நேரத்தில் போனால்தான் அகப்படுவான். திடீர்த் தணிக்கையின் இலக்கணமே அது. ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்குக் குறையாமல் திறந்தேன்.

ஒரு வாரக் குறிப்பை மருமகளிடம் வைத்தேன். அந்த நான்கு விநாடியில் நடுவில் இருப்பவன் எதைப் பார்க்கிறான்? ஒன்றும் பார்க்க முடியாது, எல்லாம் பூட்டிய உறையில்தான் போகிறது, அவன் வாங்கிக் கொடுப்பதோடு சரி என்றாள். முத்திரை உடையாமல் உறையைத் திறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். சுற்றுவழியை அடைத்துவிடச் சொன்னேன்.

"நேராப் போக முடியலீன்னா படமே வராதுங்க மாமா. ரோசன பண்ணிக்கங்க."

யோசனை பண்ணிவிட்டேன் என்றேன். அடைத்தாள். அதன் பிறகு 'நேர்வழி' தவிர வேறு வார்த்தை வரவில்லை. மிகவும் திருப்தியாக இருந்தேன். மூன்று வாரம்.

ஒரு வியாழக்கிழமை காலை ஐந்தரைக்குத் திறந்தால் கறுப்பாக இருந்தது. ஆறுக்கும் அப்படியே. ஏழுக்கு அக்காவை ஃபோனில் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. எட்டு மணிக்குள் ஏழு முறை அடித்தேன். பக்கத்து வீட்டு எண் என்னிடம் இல்லை. கேமரா இருக்கும்போது அதை எதற்கு வாங்குவது என்று இருந்துவிட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, அத்தை வீட்டுக்கு வரும் லைன் அறுந்து ரௌட்டர் அதிலிருக்கும் செல்ஃபோன் சிம்முக்கு மாறியிருக்கிறது என்றாள். சிம் வழியாகப் போனால் ஒவ்வொரு கடிதமும் வெவ்வேறு வாசலில் வெளியேறுமாம், நாம் எந்த வாசலுக்கு எழுதுவது என்று தெரியாதாம், நேர்வழி கிடைக்காதாம். சுற்றுவழியைத் திறந்துவிடட்டுமா என்று கேட்டாள். அக்காவைக் கண்ணால் பார்க்காமல் எதையும் மாற்றாதே என்றேன். அவளைக் கண்ணால் பார்க்கத்தான் அந்த வழி என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சேலம் போய், ஆத்தூர் பஸ் பிடித்து, அங்கே மாறி, பதினொன்றரைக்குக் கெங்கவல்லியில் இறங்கினேன். அக்கா வீட்டுத் தெரு முனையில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண்மேட்டில் கறுப்பு வயர் ஒன்று அறுந்து கிடந்தது. பள்ளத்தைத் தாண்டி வீட்டுக்குள் போனேன்.

அக்கா கூடத்தின் நடுவில், கேமராவுக்கு நேர் எதிரே, காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவ்வளவு நாள் படத்தில் அவளை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் சமையலறை ஓரத்தில் முதுகுதான் தெரியும். ஃபோன் எங்கே என்று கேட்டேன். பீரோவுக்குள் இருக்கிறதாம்.

"ஏன்டா தம்பி இப்பிடி வேர்த்து வந்து நிக்கறே? ஒக்காரு. ஒன்னு சொல்லணும், எம் பையங்கிட்ட சொல்லிடாத. இந்தக் கேமராவ எவனோ பாக்கறான்."

எப்படித் தெரியும் என்றேன்.

"யாராச்சும் பாத்தா அந்தச் சின்ன லைட்டு எரியுதில்ல. எம் பையன் ராத்திரி சாப்பிட்டு ஒரு வாட்டி பாப்பான். நீ காலைல ஒரு வாட்டி. சரி. பதினோரு மணிக்கு எவன்டா பாக்கறான்? மத்தியானம் நான் சித்தக் கண்ணசந்தா எரியுது. மூணு மணிக்கு எரியுது. நிமிசத்துல அணையுது. திருட்டுப்பய தவிர எவன் அப்பிடிப் பாப்பான்? இன்னிக்கித்தான் காலைலேருந்து எரியல. அதான் தைரியமா இங்க ஒக்காந்திருக்கேன். ஃபோனும் அந்தத் திருடன் கூட்டந்தான்னு உள்ள வச்சுட்டேன்."

எந்த எந்த நேரம் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. அது நான்தான் என்று சொன்னேன். வேறு யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்காகப் பார்த்தேன் என்று சொன்னேன். அக்கா கையிலிருந்த கீரைக் காம்பைக் கீழே போட்டாள்.

"நீதானா," என்றாள். "ஒரு மாசமா அந்த மூலையிலயே ஒக்காந்து முதுகு போச்சுடா எனக்கு."

அந்த நேரம் என் ஃபோன் அடித்தது. அக்காவின் மகன். காலையிலிருந்து படம் இல்லை, அம்மாவும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார், வந்ததும் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், வீட்டைப் பூட்டிச் சாவியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று தொடங்கினான். நான் அவன் அம்மா பக்கத்தில்தான் நிற்கிறேன், நன்றாக இருக்கிறாள் என்றேன். இருக்கட்டும், ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே மாமா என்றான். அக்கா கீரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிக்கை ஆட்சேபணைக்குப் பதில் எழுதுவதில் நான் கைதேர்ந்தவன். தெருவில் பள்ளம், வயர் அறுந்தது, யாருடைய பொறுப்பும் இல்லை. இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. ஆனால் தப்பு தெருவின் மேல் என்றால் தெருவை நாளைக்கும் தோண்டுவார்கள், அவன் வீட்டைப் பூட்டத்தான் செய்வான். தப்பு என் மேல் என்றால் என்னைத் திருத்தினால் போதும்.

"லைன் அறுந்தாலும் படம் சுத்திக்கிட்டு வந்திருக்கும். அந்த வழிய நான்தான் அடைக்கச் சொன்னேன். என் தப்பு," என்றேன்.

"நீங்களா மாமா?"

"நானேதான். இப்பத் தொறந்துடறேன். இனிமே அடைக்க மாட்டேன்."

படம் வரட்டும், பிறகு பேசலாம் என்றான். மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது. புனேயிலிருந்து அவன் மறுபடி கூப்பிட்டு, அம்மா கொஞ்சம் இளைத்த மாதிரி இருக்கிறாள், சரி, இருக்கட்டும், வீட்டைப் பூட்டுவதைத் தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்றான். ஃபோனை வைத்துவிட்டான். விளக்கு அணையவில்லை.

அக்கா விளக்கையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இது யாரு? எம் பையனா, இல்ல நடுவுல இருக்கறவனா?"

பூட்டிய உறை என்று மருமகள் சொல்கிறாள். நான் நேரில் பார்க்கவில்லை. "உம் பையன்தான்," என்றேன்.

அக்கா நைட்டிக்கு மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து மூலைக்குப் போகவில்லை. விளக்குக்குப் பாதி முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு மிச்சக் கீரையை ஆயத் தொடங்கினாள்.