பாலாமைக்காக ஏரியில் இறங்கியது

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எதைத் தொடக்கூடாது, எங்கே நிற்கக்கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பேன். ஏழாவது படிக்கும் என் மகளுக்கு அந்த வகுப்பு தினமும் உண்டு.

போன மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு காலை, பறவை பார்க்க வேண்டும் என்று அவள் நச்சரித்ததால் வடக்குப்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்குப் போனோம். பாம்புக்குப் பயந்து இருவருக்கும் கம்பூட்ஸ். நாய்க்குப் பயந்து குடை. முதலுதவிப் பெட்டி வேறு. அவளைக் கரையில் நிற்கவைத்து அறிவுரை சொல்லி முடித்தேன்.

"இருந்த பறவையும் பறந்துடுச்சும்மா" என்றாள்.

ஏரியில் தண்ணீரே தெரியவில்லை. பூ அழகாக இருக்கிறதென்று எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஆகாயத்தாமரை, கரைக்குக் கரை மூடியிருந்தது. கரையிலிருந்து நாலைந்து அடி தள்ளி, அதன் நடுவே கிழிந்த நைலான் வலையில் ஓர் ஆமை மாட்டிக்கொண்டு கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது.

"பாலாமைம்மா! கடையில தொட்டியில விக்கிற வெளிநாட்டு ஆமை இல்ல, நம்ம ஊருது. இப்பல்லாம் கண்ணுலயே படறதில்ல."

"நீ நில்லு. அம்மா எடுக்கிறேன்."

ஆலை வாசலில் வளர்க்கிற புல்தரை மாதிரி அவ்வளவு கெட்டியாகத் தெரிந்தது அந்தப் பச்சை. நம்பிக் கால் வைத்தேன். அடுத்த அடியில் இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன். நான் அலறிய அலறலில் மகள் பக்கவாட்டில் கரையோடு ஓடி வந்து, ஒரு காலை இலைகள் மேல் வைத்தாள். இலைகள் அழுந்தின.

விழுந்தவர் பின்னால் குதிக்காதீர்கள் என்று ஆலையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! இவளுக்குச் சொன்னதில்லை.

"வராதடி! வராத!"

நின்றுவிட்டாள். வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கால் எட்டுதா, எட்டலையாம்மா?"

எட்டியது. முதலிலிருந்தே எட்டியது. சேற்றில் ஜம்மென்று நின்றுகொண்டுதான் முழுகுகிறவள் மாதிரி கத்தியிருக்கிறேன்.

"அப்ப உள்ளதானே கீற, அப்படியே அத எடுத்து வுட்டுட்டு வா" என்றாள்.

முதலுதவிப் பெட்டியிலிருந்த கத்தரிக்கோலைக் குடைக் கைப்பிடியில் மாட்டி நீட்டினாள். என் பேச்சைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவு புத்தி எப்படி வந்ததோ! வலையை நறுக்கினேன். ஆமை என் விரலைக் கடிக்கப் பார்த்துவிட்டு இலைக்கடியில் நழுவியது.

அவள் நின்ற பக்கமாகக் கரையேறலாம் என்று காலை நகர்த்தினேன். அங்கே தரையே இல்லை. லாரிக்கு மண் அள்ளிய பள்ளம். இன்னும் ஒரே அடி எடுத்து வைத்திருந்தால் அவள் அதற்குள் போயிருப்பாள்.

வந்த வழியே கரையேறி அவள் கையைப் பிடித்தேன்.

"விடும்மா, வலிக்குது" என்றாள் வண்டிக்குப் பக்கத்தில்.

"வலிக்கட்டும்" என்றேன்.