அட்டையில் வெட்டிய பேக்கிங்

எனக்கு வண்டி ஓட்டப் பயம். இதை இப்போது தயங்காமல் எழுத முடிகிறது. எண்பதுகளின் நடுவில், ஏற்காடு மலையில் செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த காலத்தில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ரைட்டர் என்றால் காலையில் வேலையாட்களை நிறுத்தி, செக்ரோல் புத்தகத்தில் பேர் போடுகிறவன். எஸ்டேட்டின் பழைய பெட்ரோல் ஜீப்பும் என் பொறுப்பில்தான் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்ததாலேயே எஞ்சினும் தெரியும் என்று நானே எனக்குப் பட்டம் கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வரும்வரை மலைமேல் வைத்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, திங்கட்கிழமை கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று சேலத்து டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜீப்பில் மெதுவாக இறங்கிவிடலாம், நானே ஓட்டுகிறேன் என்று வீரமாகச் சொல்லிவைத்திருந்தேன். முந்தின புதன்கிழமை ஜீப் கத்த ஆரம்பித்தது.

வாசலில் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் எஞ்சின் அடங்கவில்லை. யாரோ மிதித்துக்கொண்டே இருப்பதுபோல் உறுமியது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க, நிக்கற வண்டி எதுக்குங்க இப்பிடிக் கத்துது?"

"குளிருக்கு அப்படித்தான்" என்றேன். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மேட்டில் ஏறும்போது இந்தக் கோளாறு ஒன்றும் செய்யாது. இறக்கத்தில்தான் உயிரை வாங்கும். காலை எடுத்தால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், அதை நம்பித்தான் மலைக்காரர்கள் கியரில் இறங்குகிறோம். எங்கள் ஜீப் பிடிப்பதற்குப் பதிலாகத் தள்ளியது. அன்று ராத்திரி படுத்தபடி சேலம் இறக்கத்தின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மனசுக்குள் இறங்கிப் பார்த்தேன். பத்தாவது வளைவைத் தாண்ட முடியவில்லை.

வியாழக்கிழமை ஏற்காடு கடைவீதிக்குப் பின்னால் இருந்த தகரப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் என் வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். பானெட்டைத் தூக்கிக் காது கொடுத்தார்.

"தானா ரேஸ் ஆவுதுங்க. கார்ப்பரேட்டர ஆராச்சும் கழட்டுனீங்களா?"

"இல்லீங்களே."

பொய். பதினைந்து நாளுக்கு முன்னால், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் கசிந்தது. நானே கழற்றினேன். கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்றுப் புகாமல் அடைத்திருக்கும் பேக்கிங் கையோடு கிழிந்து வந்துவிட்டது. புதிது வாங்க பத்து மைல் போக வேண்டுமே என்று, முடிந்துபோன ஒரு செக்ரோல் புத்தகத்தின் அட்டையை வைத்து, அளவெடுத்து, பிளேடால் வெட்டிப் போட்டுவிட்டேன். கசிவு நின்றது. இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வருஷம் நான் பிளக்கைக் கழற்றி மரையைக் கெடுத்துக்கொண்டு போனபோது, "நீங்க பேனாவப் புடிங்க ரைட்டருங்க, ஸ்பேனர நாங்க புடிச்சுக்கறோம்" என்று நாலு பேர் முன்னால் அவர் சொல்லியிருந்தார். அந்த நாலு பேர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இல்லீங்களே என்றேன்.

என் வார்த்தையை நம்பி அவர் மற்ற இடங்களில் தேடினார். சோக் இழுபட்டபடியே நிற்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஆக்ஸிலேட்டர் கேபிள் மாட்டிக்கொள்கிறதா என்று கழற்றி எண்ணெய் விட்டார். ஸ்பிரிங்கை மாற்றினார். கடைசியில் எஞ்சின் நின்றபடி ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவைத் திருகித் திருகி வெளியே கொண்டுவந்தார். சத்தம் இறங்கியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சூடானதுக்கப்புறம் ஒருக்கா பாத்துக்கங்க" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் தனியாகச் சோதனைக்குப் போனேன். ஊருக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிச் சூடேற்றி, சேலம் ரோட்டில் இறங்கினேன். வளைவுகளுக்கு அடிவாரத்திலிருந்து எண், மேலிருந்து இறங்கினால் முதலில் வருவது இருபது; அது நன்றாகத் திரும்பியது. பத்தொன்பதில் ஒரு முனகல். பதினெட்டுக்கு முன்னால், காலை முழுக்க எடுத்திருக்கும்போதே, எஞ்சின் குரலை உயர்த்தி வண்டியை முன்னால் தள்ளியது. பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, கருகிய வாடை வந்தது. எதிரே வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, இடது சக்கரத்தை ரோட்டோரத்து வாய்க்காலில் இறக்கினேன். ஜீப் சாய்ந்து நின்றது. பஸ் டிரைவர் என்னைக் கடக்கும்போது தலையை நீட்டி, "ஏனுங்க, தூங்கிப்போட்டீங்களா?" என்றார். பக்கத்து சீட்டைப் பார்த்தேன். திங்கட்கிழமை அவள் உட்காரப் போகிற சீட்டு அது.

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. மெக்கானிக் எல்லாவற்றையும் பார்த்தார், நான் தொட்டதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்கவிடாமல் செய்தவன் நான்.

இருந்தும், நாலு பேர் தள்ளிவிட ஜீப்பை மேலே ஏற்றிக்கொண்டு வந்தவன் அன்று சாயங்காலம் நேராகப் பட்டறைக்குப் போகவில்லை. அதை நினைத்தால் இன்றும் என்மேல் ஆத்திரம் வருகிறது. ஊட்டி மலையிலிருந்தே குதித்து இறங்கப் போகிற ஆள்மாதிரி வாயாடிவிட்டு, ஒரு அட்டைத் துண்டை ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. நானே கழற்றி வேறு அட்டை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாதே என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை. எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கும்போது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு நன்மை வாங்கப் பயமாக இருந்தது. அவள் பெரிய வயிற்றோடு மெல்ல நடந்து போய்த் திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, நீங்க போகலீங்களா?"

"வண்டியைக் காட்டிவிட்டு வரணும்" என்றேன். பதிலே இல்லாத பதில். அவள் தானும் பட்டறைக்கு வருவதாகச் சொன்னாள்.

மெக்கானிக்கும் அதே கோயில்தான். வேட்டியோடு வந்து பட்டறையைத் திறந்தார். வண்டி சூடாக இருந்தது, கத்திக்கொண்டிருந்தது. அவர் ஸ்குரூவைத் தொட்டுப் பார்த்தார்.

"இது முழுசா வெளிய இருக்குதுங்க. இனிக் கொறைக்கறக்கு ஒண்ணுமில்ல. அப்பறமும் கத்துதுன்னா, வேற எங்கியோ காத்து உள்ள போவுது."

எண்ணெய்க் கேனை எடுத்து, கார்ப்பரேட்டரின் அடியைச் சுற்றி ஒவ்வொரு சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. பின்பக்க மூலையில் விட்டதும் சொட்டு சர்ரென்று உள்ளே போனது, எஞ்சின் சட்டென்று அடங்கியது. நாலைந்து நொடி. எண்ணெய் போனதும் மறுபடி கத்தியது. பின்னால் குழாயில் வெள்ளைப் புகை வந்தது. அவர் ஸ்பேனரை எடுத்தார்.

"நான்தாங்க கழட்டுனேன்" என்றேன்.

அவர் நட்டுகளைத் தளர்த்தி, கார்ப்பரேட்டரைத் தூக்கி, அட்டையை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். பெட்ரோலில் ஊறி, சூட்டில் காய்ந்து, ஒரு மூலை சுருங்கிப் போயிருந்தது. அதன்மேல் என் கையெழுத்து, பாதி எழுத்தோடு, அழியாமல் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவளிடம் காட்டினார். அவளும் வாங்கிப் படித்தாள்.

அவர் சரியான பேக்கிங் தாளில் வெட்டிப் போட்டு, ஸ்குரூவை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் மெதுவாக, சீராக ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டும் குரல் ஏறவில்லை.

"இனிப் பயமில்லீங்க. நாளைக்குத் தாராளமா எறங்கலாம்" என்றார்.

"வண்டிய நம்பறேனுங்கண்ணா" என்றாள் அவள். "நீங்க வந்து ஓட்டுங்க."

திங்கட்கிழமை அவர்தான் ஓட்டினார். நான் பின்னால், துணிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வளைவிலும் எனக்கு உடம்பு வேர்த்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. புதன்கிழமை ஆப்பரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னதுபோல் குறுக்கேதான் கிடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சேலத்தில் அவளுடைய அம்மா வீட்டுக்கு, இருவரையும் அழைத்துவர ஜீப்பில் போனேன். எஞ்சின் பூனைபோல ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள்.

"வேற எதையாச்சும் கழட்டுனீங்களா?"

"இல்லை" என்றேன். சத்தியமாக எதையும் தொடவில்லை.

அவள் தலையை ஆட்டிவிட்டு, குழந்தைக்குத் துணியை இழுத்துப் போர்த்தி, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். அவள் ஏறிய பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி ஜீப்பை ஓட்டிக்கொண்டு நான் மலை ஏறினேன்.