இடப்பக்கக் கடைவாய்ப் பல்

எங்கள் பக்கத்தில் "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் குடியிருக்கும் ஊரைச் சொல்ல மாட்டோம். நான் தச்சநல்லூருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. ஆனாலும் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் கேட்டதும் "நாங்குநேரி" என்றுதான் வாயில் வந்தது. பிறந்த ஊர். அவளும் எழுதிக்கொண்டாள். அந்த ஆஸ்பத்திரியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "உடன்குடி அண்ணாச்சி, உள்ள வாங்க" என்பதுதான் வழக்கம்.

பல் டாக்டர் என்றாலே எனக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை ஒரு அதட்டில் உட்காரவைப்பவள் நான். அந்த நாற்காலியில் சாய்ந்துவிட்டால் மட்டும் பேச்சு வராது. வலப்பக்கக் கடைவாயில் இரண்டு பல் போய், மூன்றாவதில் சொத்தை. அதை அடைக்கத்தான் வந்திருந்தேன். மெல்லுவதெல்லாம் இடப்பக்கம். அங்கேயும் கீழே நான் நம்பியிருப்பது ஒரே ஒரு பல். என்றோ சிமென்ட் அடைத்த பழைய பல், ஆனால் கல் போல இருந்தது.

"நாங்குநேரி அக்கா, வாங்க."

போனேன். முந்தின வாரம் பார்த்த பெரிய டாக்டர் இல்லை. புதிதாக ஒரு சின்ன வயது டாக்டர் சீட்டைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், இடப்பக்கம் ஊசி போட்டார். வலப்பக்கம் அல்லவா என்று கேட்க வாயெடுத்தேன். டாக்டருக்குத் தெரியாதா என்று அடக்கிக்கொண்டேன். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

கன்னமும் நாக்கும் மரத்துப்போன பிறகு அவர் நர்ஸிடம் கை நீட்டினார். அவள் கொடுத்தது குறடு. சொத்தை அடைக்கக் குறடு எதற்கு? "இது இல்ல, இது இல்ல" என்று கத்தினேன். வெளியே வந்தது வெறும் குழறல்.

"பயப்படாதிங்க அக்கா. வலிக்கவே வலிக்காது."

பல்லைப் பிடித்து ஒரு அசை அசைத்தார். வலி இல்லை. மண்டைக்குள் நறுக்கென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். முந்தானையால் கன்னத்தைப் பொத்தியிருந்தாள். "வாய் கொப்பளிக்கக் கீழ போயிருந்தேன். நாங்குநேரின்னு கூப்பிட்டாகளாமே? எனக்குல்லா பல்லப் பிடுங்கணும்?"

குறடு நின்றது. டாக்டர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நர்ஸ் ஓடிப்போய் இன்னொரு சீட்டை எடுத்து வந்தாள். அதிலும் நாங்குநேரி.

"இருக்கிற ஊரச் சொல்லக் கூடாதா அக்கா?" என்று அவர் என்னிடமே கோபித்துக்கொண்டார். பெயர் என்று ஒன்று இருக்கிறதே, அது எதற்கய்யா என்று கேட்க நினைத்தேன். எச்சில்தான் வழிந்தது. அவர் விரலால் பல்லைத் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"லேசா ஆடுது. வேர் பிடிச்சிரும்னு நினைக்கேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் கடிக்காதிங்க."

நினைக்கேன் என்றார். நிச்சயம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து தந்தார். ஒரு பக்கம் பல் இல்லை, மறுபக்கம் கடிக்கக் கூடாது. அப்படியே விழுங்கினேன். மரப்பு விட்டு வலி கிளம்பியதும் நாக்கால் பையத் தொட்டுப் பார்த்தேன். பல் இருந்தது. ஆனால் தொட்ட பக்கம் சாய்ந்தது.

"ஆஸ்பத்திரில என்னதான் சொன்னாக? வந்ததுலேருந்து ஒண்ணும் பேச மாட்டேங்கியே?" என்றார்.

எனக்கு வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.