அடுக்களை வாசலில் நின்றவர்

என் கணவருக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் சாக்கடை அள்ளும் கார்ப்பரேஷன் வேலை. ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் திருநெல்வேலிக்குத் திரும்பினார்கள். களமசேரியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும் கிளம்பிப் போனாள். அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது.

மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. காலடிச் சத்தம் இல்லை, நிழல் விழவில்லை. ஆனாலும் நான் ஒருத்தி மட்டும் இருக்கும்போது அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; இது அப்படி இல்லை. திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. நிற்கிறவர் நின்றுகொண்டேதான் இருந்தார்.

அன்றிலிருந்து தினமும். முதலில் கணவர்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஓரிடத்தில் சும்மா நிற்கிற ஆளே இல்லை. வந்ததும் சாயா கேட்பார், ரேடியோவைத் திருகுவார். இது அவசரமே இல்லாமல் நின்றது. நான் ஒன்றை நினைக்கத் தொடங்குவதற்குள் அங்கே அது தெரிந்துவிடுகிறது என்று ஒரு கூச்சம். அப்போது நான் ஜெபம் சொல்வதை நிறுத்தியிருந்தேன். திருஇருதயப் படத்துக்கு விளக்கும் ஏற்றவில்லை. ஆண்டவர் மேல் அவ்வளவு கோபம். அந்தக் கோபமும் வாசலில் நிற்பவருக்குத் தெரியும் என்று தோன்றியது.

அடுத்த வீட்டில் பாலக்காட்டிலிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். இத்தா என்று நான் கூப்பிடும் அந்த வீட்டு அக்கா ஒருநாள் அரிசிப் பத்திரி கொண்டுவந்தாள். உள்ளே வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒன் வீட்டுல கேறினா ஒறக்கெ சத்தம்போட்டு பேச வரமாட்டேங்குது. ஆரோ தொழுதுட்டிருக்குற மாதிரி.”

“பயமா இருக்கா இத்தா?”

“பயமில்ல. செருப்பக் கழட்டாம கேறக்கூடாதுன்னு தோணுது.”

அவளுக்கும் தெரிகிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. மறுநாளே சர்ச்சுக்குப் போய்ப் பங்குச் சாமியாரான அச்சனை அழைத்துவந்தேன்.

அச்சன் மலையாளி, என்னிடம் பாதித் தமிழில் பேசுவார். “அது உபத்திரவம் எதாவது செய்யுதா?” என்று கேட்டார்.

“இல்லச்சா.”

“பின்னெ?”

“போக மாட்டேங்குது.”

அவர் பையிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்தார். பிறகு ஜெபித்து, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

போய்விட்டது. அச்சன் கூப்பிட்டதற்காக அடுத்த ஞாயிறு பூசைக்குப் போய்வந்து கதவைத் திறந்தேன். வீடு காலியாக இருந்தது. கணவர் இறந்த பின்னும் அது அப்படிக் காலியாக இருந்ததில்லை. இத்தனை நாளும் நான் தனியாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. யாரை வீட்டைவிட்டு அனுப்பினேன்? அந்த வாசலில் போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து தெரிந்ததெல்லாம் கழுவாத சட்டியும், நான் உட்காரும் பலகையும்தான். இதைப் பார்த்துக்கொண்டா நின்றார்? “வாங்க” என்றேன். ஒருவரும் வரவில்லை. அடக்கத்தன்று வராத அழுகை அன்று வந்தது.

யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். மழைக்காலத்து ஒரு காலை. பக்கத்தில் இருந்தவள் தன் மகளின் கல்யாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சுக்குத் தூசி எல்லோரையும் இருமவைத்தது. என் தோளுக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். முறத்தில் ஓடிய கை நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை.

“எந்தா சேச்சி, ஆராவது விளிச்சாங்களா?”

“இல்ல, நீ சொல்லு” என்றேன்.

இப்போது அவர் நினைத்த நேரத்தில் வருகிறார். தேவரா போகும் பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. மறுபடி ஜெபம் சொல்கிறேன், ஆனாலும் அவர் வரும்போது பயம் போகவில்லை.

போன விடுமுறைக்கு வந்த மகளிடம் வெங்காயம் நறுக்கியபடி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்பாவாம்மா?”

“அப்பா இல்ல.”

“பின்ன ஆரு?”

சொன்னேன். அவள் திருஇருதயப் படத்தைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. என் கையிலிருந்த கத்தியை வாங்கி மிச்ச வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள்.