எங்கள் வீட்டுக்கு வராத அம்மை

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு அம்மா குளியலறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். என் அத்தை மகள் தன் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு எண்ணெ வாணாம் அத்தை, எரியும்" என்றாள். அந்த நிமிடம்வரை எங்கள் குடும்பத்தில் எல்லாம் சரியாகவே இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஆறு. நாங்கள் அம்பத்தூரில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவருடைய தங்கையைத் திருநின்றவூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தையின் கணவருக்கு, அதாவது மாமாவுக்கு, நகரத்தில் ஆபீஸ் உத்தியோகம். எங்கள் உறவில் முதன்முதலாகச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிய மனிதர் அவர்தான் என்பதால் மாப்பிள்ளை மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். அவர் வந்தால் வயதில் மூத்த அப்பா எழுந்து நிற்பார். கறிக்குழம்பில் நல்லி எலும்பு அவர் தட்டுக்குத்தான் போகும். எனக்கும் அவரை ரொம்பப் பிடிக்கும். உள்ளங்கையில் இருந்த காசை மாயமாக்கி என் காதுக்குள்ளிருந்து எடுப்பார்.

அவர் மகளை எல்லோரும் பாப்பா என்போம். கோடை விடுமுறைக்கு அவளை அத்தை கொண்டுவந்து விட்டுப் போயிருந்தாள். சத்தமே இல்லாத பிள்ளை. கொடுத்ததைத் தின்பாள், சொன்ன இடத்தில் உட்காருவாள், டம்ளர் கீழே விழுந்தால் யார் தட்டியிருந்தாலும் அவள்தான் ஓடிப்போய் மூலையில் நிற்பாள். "பார்றி, பிள்ளன்னா இப்டி இருக்கணும். மாப்ள எப்டி வளர்த்துகீறாரு பாரு" என்று அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அடியாத மாடு படியாது என்ற பழமொழியை வேதவாக்காக நம்பிய தெரு அது. நானும் துடைப்பக்குச்சியால் வாங்கியவள்தான். அதனால் அவள் பேரில் எனக்கிருந்த ஒரே உணர்ச்சி எரிச்சல்.

எண்ணெய்க்குப் பயந்தவளிடம், "கண்ண மூடிக்கினா எரியாதுடி" என்று பெரிய மனுஷியாகச் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே அவள் சட்டையைக் கழற்றினாள். பிறகு சிரிக்கவில்லை.

முதுகிலும் தொடையிலும் நீள நீளமாகக் கோடுகள் இருந்தன. சில கறுப்பு, சில பச்சையும் மஞ்சளுமாக, ஒன்றிரண்டு சிவப்பு. அம்மா வாய் திறக்கும் முன்பே பாப்பா, "படில வழுக்கி வுழுந்துட்டேன் அத்தை" என்றாள், பள்ளியில் திருக்குறள் ஒப்பிப்பதுபோல. திருநின்றவூரில் அத்தை வீடு ஏரிப் பக்கம், தரையோடு தரையாக, சிமெண்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. அதில் படியே கிடையாது. நான் அதைச் சொல்லப் போனேன். அம்மா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அதட்டவில்லை, துருவித் துருவிக் கேட்கவும் இல்லை. "சரிடா கண்ணு, எண்ணெ வாணாம்" என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரைத் தோளில் படாமல் காலுக்கு மட்டும் ஊற்றினாள். "அது இன்னாமா?" என்று நான் கேட்டபோது ஒரு கணம் யோசித்து, "அம்மை போட்டுக்கீது. வாயத் தொறந்து யார்கிட்டயும் சொல்லாத" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன். அம்மை கோடு கோடாகவும் வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே அம்மா கடைத்தெருவில் இருந்த பெண் டாக்டரிடம் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் உள்ளே என்ன சொன்னார் என்பதை அம்மா எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னாள். "இது ஒரு நாள் அடி இல்லம்மா. பழசு மேல புதுசு இருக்கு. இந்தக் குழந்தைய அந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பிடாதீங்க." இன்று ஒரு போன் போட்டால் குழந்தைக்காக ஆள் வருகிறார்கள். அன்று எங்கள் தெருவுக்கே போன் இல்லை. மாமா அவளை அழைத்துப் போக ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை முழுக்க அப்பாவும் அம்மாவும் சமையலறையில் குசுகுசுத்தார்கள். நான் அப்பளம் எடுக்கும் சாக்கில் போய்வந்து கேட்ட துண்டுகள் இவை.

"மாப்ளையப் போயி எப்டிடி கேக்கறது? நாளைக்கே எந்தங்கச்சிய வாழாவெட்டியா அனுப்பிச்சிட்டா?"

"வாழறாளா அவ?"

"அவளே ஒண்ணும் சொல்லலியே."

"சொன்னாளே. பிள்ளைய வுட்டுட்டுப் போறப்ப ரெண்டு தபா சொன்னா, வெள்ளிக்கெழம மறக்காம எண்ணெ தேச்சி வுடுங்க அண்ணின்னு. எண்ணெ தேய்க்கத் தெரியாதவளா நானு? துணிய அவுத்துப் பாருன்னு சொல்லிட்டுப் போயிகீறா. உங்களுக்குத்தான் காது கேக்கல."

அப்பா கெட்டவர் அல்ல. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்பதற்கான வாக்கியம் அவரிடம் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அப்பா கறி வாங்கிக்கொண்டு வந்தபோது எங்கள் வீட்டு நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

"இன்னாடி இது?"

"ஆத்தா வந்துகிறா."

"எப்போ?"

"இப்போதான். கறிய உள்ள எடுத்துனு வராதீங்க."

அப்பா வேப்பிலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிய நேரமாயிற்று. அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அம்மை கண்ட பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. மாப்பிள்ளையை மறுத்துப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் ஆத்தாவை மறுத்துப் பேச மாப்பிள்ளைக்கும் துணிச்சல் கிடையாது. அப்பா கறிப் பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினார்.

பக்கத்து வீட்டு அக்கா வாங்கிக்கொண்டு, "இன்னா அண்ணி, சொல்லவே இல்ல? யாருக்கு? நல்லா முத்து எயும்பிகீதா?" என்றாள்.

"பாப்பாக்கு. இப்பதான் ஆரம்பம்."

"கறிய எங்கிட்ட தள்ளிட்டு ஆத்தாவ நீ வெச்சிக்கினியா? சரி சரி, கூழு காச்சி எடுத்தாறேன். கைக்குழந்த கீது, வாசல்லயே வெச்சிட்டுப் போறேன்" என்றவள், போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கோ அழுகையாக வந்தது. தாளிதம் கிடையாது, கறி கிடையாது, மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கறி கொதிக்கும் வாசனை மட்டும் உண்டு.

மதியம் மாமா வந்தார். தேய்த்த சட்டை, பெல்ட். வேப்பிலையைக் கண்டதும் தெருவிலேயே நின்றுவிட்டார். அப்பா வழக்கம்போல எழுந்து வந்து நின்றார். அம்மா நிலைப்படியில் உட்கார்ந்து வழியை அடைத்திருந்தாள். அன்றைக்கு மட்டும் அவள் எழவில்லை.

"உள்ள வராதீங்க தம்பி, ஆத்தா வந்துகிறா. தண்ணி ஊத்தினப்புறம் சொல்லி அனுப்பறோம்."

"இன்னாக்கா இது, திடீர்னு? ஒரு பார்வை பாத்துட்டுப் போறேனே."

"நீங்க ரயில்ல எத்தினி பேர இடிச்சிக்கினு வந்தீங்களோ. தீட்டு. பிள்ளைக்கு ஆவாது."

மாமா சிரித்தார். அவருக்கு நல்ல சிரிப்பு. சரி என்று தலையாட்டிவிட்டு, ஓரமாக நின்ற என்னைக் கைகாட்டி அழைத்தார். காசு ஒன்றைக் காட்டி, கையை மூடித் திறந்தார். காசு இல்லை. என் காதுப் பக்கம் கையைக் கொண்டுவந்துகொண்டே, "பாப்பாக்கு எங்க போட்டுக்கீதும்மா? மூஞ்சிலயா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, முதுகுல. தொடைலயும். நீள நீளமா கீது" என்றேன்.

அவர் கை என் காதருகே அப்படியே நின்றது. மெதுவாக நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தெருவில் யாரோ அவருக்கு வணக்கம் சொன்னார்கள், அவர் திரும்பச் சொல்லவில்லை. என் காதிலிருந்து காசை எடுக்க மறந்து, ஸ்டேஷன் பக்கமாக விறுவிறுவென்று நடந்தார். பாதி வித்தையில் போய்விட்டாரே என்று எனக்குக் கோபம்.

அவர் முனை திரும்பியதும் அம்மா எழுந்தாள். "அவருக்குத் தெரிஞ்சி போச்சி. அங்க உங்க தங்கச்சி தனியா கீறா" என்றாள் அப்பாவிடம்.

அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அவர், "இன்னாண்ணாத்தே, இன்னா ஆச்சி?" என்றார். அப்பா, "வண்டிய எடுப்பா, போற வயில சொல்றேன்" என்றார். ஸ்கூட்டர் ஆவடி ரோட்டில் பறந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில் எப்போதும் தாமதம். நான் இத்தனை வருடமாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே ரயில் தாமதம் அது.

உள்ளே பாப்பா கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்து, "போயிட்டாரா அத்தை?" என்றாள். போயிட்டாருடா என்றாள் அம்மா. பாப்பா கூழை இரண்டு டம்ளர் குடித்தாள். பிறகு என்னோடு பல்லாங்குழி ஆட உட்கார்ந்து, தோற்றதும் சோழியை வீசி எறிந்து என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "அம்மா, இவ என்னக் கிள்ளிட்டா!" என்று அலறினேன். நியாயமாக அவளுக்கு இரண்டு விழுந்திருக்க வேண்டும். அம்மாவோ அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். இந்த அநியாயம் எனக்கு விளங்கவே இல்லை.

போன வாரம் என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். குழந்தைகளை வீட்டுக்குள்ளேயே யாராவது வதைத்தால் எப்படிக் கண்டுகொள்வது என்று ஓர் அம்மையார் பேசினார். கேட்கும் முன்பே காரணம் சொல்லும் பிள்ளை, அளவுக்கு மீறி அடங்கிய பிள்ளை என்று அவர் சொல்லிக்கொண்டு போகப் போக எனக்குப் பாப்பாவின் முதுகு கண்முன் வந்தது. வேலப்பன்சாவடியில் இருந்த அந்தப் பள்ளியிலிருந்து வீடு வந்து சேரும்வரை, அந்த வெள்ளிக்கிழமை அம்மா பால் பொங்குகிறது என்று எழுந்து போயிருந்தால், எண்ணெய் வேண்டாமென்றால் போகட்டும் என்று விட்டிருந்தால் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். பாப்பாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். அரை மணி நேரம் மாமியாரைப் பற்றிக் குறை சொன்னாள். கேட்கக் கேட்க மனசு ஆறியது.

அந்த ஞாயிறு விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் அப்பாவுக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தாள். மாற்றுப் புடவைகூட எடுத்துவரவில்லை. மடியில் பாப்பாவின் பள்ளிக்கூடப் பை மட்டும் இருந்தது. விடுமுறையில் எதற்குப் பள்ளிக்கூடப் பை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை வேப்பிலையை விலக்கிக்கொண்டு, ஆத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் நேராக உள்ளே வந்தாள். தீட்டாச்சே என்று நான் பதறியதை யாரும் பொருட்படுத்தவில்லை. பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு அத்தை சொன்னாள்:

"இங்கியே ஒரு இஸ்கூல்ல சேத்துடுங்க அண்ணி. நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் போவல."

பாப்பாவை என் வகுப்பில் சேர்ப்பார்களா, அவள் வகுப்பில் சேர்ப்பார்களா என்று மட்டும்தான் நான் கேட்டேன்.