மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு இன்டர்வியூ

1. இருபது நாள் மனப்பாடம்

கண்டக்டர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தபோது எனக்கு வயது வரம்பு முடிய இரண்டே மாதம் பாக்கி. எழுபதுகளின் தொடக்கம் அது. இதை விட்டால் ஆயுசுக்கும் லாரி கிளீனர்தான். பொது அறிவு கைடு ஒன்று வாங்கினேன். லாரியில் லோடு ஏற்றும் நேரத்தில்கூட உருப்போட்டேன். இண்டூரில் வீட்டுக்கு வந்தால் என் மனைவி லூர்து கைடைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"ஏங்க, பஸ்ஸுல ஏறுறவங்க எந்த அணை பெருசுன்னா கேக்கப் போறாங்க?"

"உனக்கு என்னடி தெரியும்? அடுத்ததைக் கேளு."

விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். கிளீனர் என்றால் மதிக்க மாட்டார்கள் என்று பயம். இன்டர்வியூ அன்று காலை நகக்கண்ணில் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு தருமபுரிக்கு பஸ் ஏறினேன்.

2. கைடில் இல்லாத கேள்வி

மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். முதல் இருவர் கேட்டதற்கெல்லாம் மடமடவென்று ஒப்பித்தேன். மூன்றாமவர், தலை நரைத்தவர், மூக்கை உறிஞ்சினார்.

"என்னப்பா, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

"சரி. தொப்பூர் ஏத்தத்துல வண்டி நின்னு பின்னால நழுவுது. நீ என்ன செய்வே?"

"பயணிகளை அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டு..." என்று கைடு பாஷையில் ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். போச்சுடா சாமி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாய் தானாகவே பேசியது.

"கட்டையோட குதிச்சிருவேனுங்க சார். சக்கரத்துக்கு நேராப் பின்னால நிக்கக் கூடாதுங்க. பக்கத்துல நின்னு, கட்டையைச் சக்கரத்துக்கு அடியில காலால தள்ளணும். கையால வெச்சா விரல் போயிடும். சக்கரம் நின்னதும் பாடியில ரெண்டு தட்டு தட்டினா டிரைவருக்குத் தெரியும்."

"எத்தனை வருஷம் கிளீனரா இருந்தே?"

"நாலு வருஷங்க."

"அப்புறம் ஏன் இல்லைன்னு எழுதினே?"

"வெக்கமா இருந்துச்சுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

"அதை அடிச்சிட்டு, உள்ளதை எழுதுப்பா."

'இல்லை'யை அடித்துவிட்டு 'லாரி கிளீனர், நாலு வருஷம்' என்று எழுதினேன்.

3. ஆர்டர் வந்த நாள்

இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கைடு படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செய்த வேலையை மறைத்துவிட்டுப் போகாதீர்கள். தடுமாறும்போது கைகொடுப்பது அதுதான். வேலைக்கு ஆர்டர் வந்த அன்று, இன்டர்வியூவில் நடந்ததையெல்லாம் லூர்துவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய் மண்ணெண்ணெய் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"நீங்க நகத்துல தேச்சு வீணாக்கின அந்த மண்ணெண்ணெய் இருந்திருந்தா ரெண்டு நாளைக்கு வெளக்காவது எரிஞ்சிருக்குமுங்க."